பிரஷரை நிற்க வைத்தும் பாருங்கள்

கத்திரி வெயில் தொடங்கினால் எங்கள் டீக்கடை பெஞ்சில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "வெயிலு ஏற ஏற பிரஷரும் ஏறும் சார். மாத்திரையைத் தவறாமப் போடுங்க." சொல்பவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான். மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் முதல் பாதி தப்பு. அந்தத் தப்பை நானும் நம்பிக்கொண்டிருந்தேன், போன வருடம் மே மாதம் அக்கா விழும் வரைக்கும்.

வெயிலில் ஏறுவது கோபம். பிரஷர் பெரும்பாலானவர்களுக்கு இறங்கத்தான் செய்யும். உடம்பு சூட்டை வெளியே தள்ளுவதற்காகத் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகின்றன. குழாய் அகலமாகி, உள்ளே ஓடுவதும் குறைந்தால் அழுத்தம் என்ன ஆகும்? மார்கழியில் இதற்கு நேர் எதிர். எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். புழுக்கத்தில் ராத்தூக்கம் கெட்டவர்களுக்கு ஏறவும் செய்யலாம். அதனால்தான் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நான் மின்வாரியத்தில் 34 வருடம் இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். கோடையில் லோடு ஏறினால் லைனின் கடைசி வீடுகளில் ஃபேன் சுற்றாது. சப்ளையை நிறுத்திவிட்டு டிரான்ஸ்ஃபார்மரில் டேப் மாற்றி வைப்போம். மழை வந்து லோடு குறைந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பல்பாக எரிந்து போகும். இரும்புப் பெட்டிக்கே பருவம் பார்த்தோம். எழுபது வயது மனுஷிக்கு மட்டும் பத்து வருடமாக ஒரே டேப்!

அக்காவுக்கு 74 வயது. சின்னாளபட்டியில் தனியாக இருந்தவளை, வெயில் முடியும் மட்டும் எங்களோடு இருக்கட்டும் என்று காந்திகிராமத்துக்குக் கூட்டி வந்தேன். இரண்டு மருந்து சேர்ந்த ஒரு பிரஷர் மாத்திரை போடுவாள். அதில் ஒன்று, சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும் தண்ணி மாத்திரை. மாதாமாதம் அவள் போன இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். உட்கார வைப்பார்கள், பட்டையைச் சுற்றுவார்கள், "110 பாட்டி, சூப்பர், அதையே கன்டினியூ பண்ணுங்க" என்பார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்காது. "உனக்கு 140, எனக்கு 110 பாத்தியாடா தம்பி" என்று சீண்டுவாள். நானும் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

உப்பை ஏற்கெனவே குறைத்திருந்தாள். வெயிலுக்குப் பயந்து அதையும் சுத்தமாக நிறுத்தினாள். செல்போன் வீடியோவில் யாரோ சொன்னபடி ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வெறும் தண்ணீர். எழுந்தால் லேசாகக் கிறுகிறுக்கிறது என்றபோது, "வெயிலு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். அதிகாலை மூன்று மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவள், வாசற்படியைத் தாண்டவில்லை.

திண்டுக்கல்லில் சேர்த்த இடத்தில் ரத்தத்தில் சோடியம் 122 என்றார்கள். 135-க்குக் குறையக் கூடாது. ஆபரேஷன் முடிந்து, கம்பியைப் பிடித்து எழுப்பி நிற்க வைத்த அன்றைக்குத்தான் ஒரு சின்ன வயது டாக்டரம்மா நின்ற நிலையில் பிரஷர் பார்த்தார். படுத்திருந்தபோது 112. நின்று ஒரு நிமிடத்தில் 84. "இதுக்கு முன்னாடி யாராவது நிக்க வச்சுப் பாத்திருக்காங்களா?" என்று கேட்டார். நானும் அக்காவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய சங்கதி. "எண்பது பேர் வெளியே காத்திருக்காங்க, எங்கே நேரம்?" என்று டாக்டர்கள் கேட்பார்கள். நியாயம்தான். எண்பது பேருக்கும் வேண்டாம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு, தண்ணி மாத்திரை போடுகிறவர்களுக்கு, சித்திரை, வைகாசியில் மட்டுமாவது பார்க்கலாம் அல்லவா? 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். டாக்டர் சௌந்தரம் அம்மா 1947-ல் தொடங்கி வைத்த ஊரில் இருந்துகொண்டு அதன் அருமை தெரியாதவன் இல்லை நான். படியேறி வந்தவர்கள் ஒரு தடவை நிற்கவும் வைத்துப் பார்த்தால் இன்னும் புண்ணியம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்தப் போகிறவர்கள் சிலர் இருப்பீர்கள். "சம்மருக்கு மாத்திரைக்கு லீவு" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை அனுப்பியவர்களை என்ன சொல்லித் திட்டுவதென்று தெரியவில்லை. அட்டெனலால், மெட்டோபுரலால் மாதிரி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பில்கூடக் கொண்டுபோய் விடலாம். டேப்பை மாற்ற வேண்டியவர் டாக்டர். நம் வேலை அவர் கையில் எண்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது.

உப்பு விஷயத்திலும் எல்லோருக்கும் ஒரே உபதேசம். உச்சி வெயிலில் நூறு நாள் வேலைக்கு மண் வெட்டுகிற பெண்ணுக்கு உப்புப் போட்ட மோர் வேண்டும். ஃபேனுக்கு அடியில் பேப்பர் படிக்கிற எனக்கு அது எதற்கு? உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்கிறது. ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கரைசலில் மட்டும் 2.6 கிராம் உப்பு. வாக்கிங் முடித்துவிட்டு அதை ஜூஸ் மாதிரி குடிக்கும் நண்பர் எனக்கு இருக்கிறார், அவரும் பிரஷர்காரர். போதாததற்கு வடாம், மோர் மிளகாய் எல்லாம் மொட்டை மாடியில் காய்வதும் இதே மாதங்களில்தான். அக்காவைப் போல் அடியோடு நிறுத்துவதும் ஆபத்து, இவரைப் போல் அள்ளிப் போடுவதும் ஆபத்து. தண்ணீரும் அப்படித்தான். இருதயம், கிட்னி கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை வீடியோவிடம் கேட்கக் கூடாது.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வெயில் பாதிப்பு என்றால் ரோட்டில் மயங்கி விழுகிறவர்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார். அதிகாலை மூன்று மணிக்கு, வெயிலே இல்லாத நேரத்தில், பாத்ரூம் வாசலில் விழுகிற கிழவியை யார் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? "வயசாயிருச்சு, விழுந்துட்டாங்க" என்று முடித்துவிடுவோம்.

டாக்டரம்மா தண்ணி மாத்திரையை எடுத்துவிட்டு வேறு மாற்றிக் கொடுத்தார். அக்கா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். நானூறு ரூபாய் வாடகைக் காலத்து ரசீது நோட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் கோடு போட்டு இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன், உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று. நேற்றுக் காலை 130, 122. நின்ற கட்டத்துக்கு மெஷினை அமுக்கும்போது மட்டும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள்.