கராத்தேயா, சிலம்பமா?

எங்கள் நாரணாபுரத்தில் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் நேற்று மகளோடு வீட்டுக்கு வந்தார். பட்டாசு ஆலையில் வாரக் கூலி.

"சார், இவ ஏழாவது படிக்கிறா. டியூஷன் முடிஞ்சு வர இருட்டிருது. பயமா இருக்கு. கராத்தேல சேக்கவா, சிலம்பத்துல சேக்கவா?"

"நம்ம கலை இருக்க வேறு எதற்கு?" என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

சிலம்பம் எனக்குப் பிடிக்கும். கண், கை, கால் மூன்றும் ஒன்றாகப் பழகும். ஒரு கம்பு இருந்தால் போதும். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் டியூஷனுக்குப் போகிற பிள்ளை கையில் கம்பு இருக்காது. கையைப் பிடித்து இழுப்பவனிடமிருந்து விடுபட வெறுங்கைப் பயிற்சி வேண்டும். குத்துவரிசை, பிடிவரிசை சேர்த்துச் சொல்லித்தரும் சிலம்ப வாத்தியார் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். மேடைக்குக் கம்பு சுற்ற மட்டும் பழக்குகிறவர் என்றால் இந்தப் பயத்துக்கு அது மருந்தாகாது.

கராத்தே என்ற சொல்லுக்கே வெறுங்கை என்றுதான் பொருள். 1922இல் ஒக்கினாவாவிலிருந்து டோக்கியோ சென்று அதைப் பரப்பிய ஃபுனாகோஷி, நம்மைப்போலப் பள்ளி ஆசிரியர். அதிலும் கவனம் தேவை. மாதக் கட்டணம் போக உடை, பெல்ட் தேர்வு என்று செலவு வரும். தீபாவளி முடிந்து ஆலை அடைத்திருக்கும்போதும் கட்டணம் நிற்காது. ஒலிம்பிக் என்று ஆசை காட்டினாலும் மயங்க வேண்டாம். டோக்கியோவில் இருந்த கராத்தே 2024 பாரிஸில் இல்லை.

அதனால் அந்த அம்மாவிடம் மூன்று விஷயம் சொன்னேன். பணம் கட்டுமுன் இரண்டு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பிடியை விடுவித்து, சத்தம் போட்டு, ஓடப் பழக்குகிறார்களா என்று கவனியுங்கள். வருடத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் இவளுக்கு இப்போது கராத்தே. சிலம்பத்தைப் பிறகு ஆசைக்குக் கற்கட்டும்.

அவர்கள் போன பிறகும் மனசு ஆறவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடிக்கக் கற்றுக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டுமா? டியூஷன் நேரத்தை முன்னதாக மாற்றச் சொல்லலாம். பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பலாம். தெருவிளக்குக்கு நாமே மனு எழுதலாம். நான் எழுதிவிட்டேன். ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட வாருங்கள்.