புகைப்பவருக்குத் தனியறை, புகைக்காதவருக்குப் பாதுகாப்பு எங்கே?

பூண்டுலோயாவைச் சூழவுள்ள தோட்டங்களிலிருந்து தொழில் தேடி மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்வோரின் பயணம் விமான நிலையத்தில் ஆரம்பமாவதில்லை. லயன் அறையின் வாசலில் ஆரம்பமாகி, பூண்டுலோயா பஸ் தரிப்பிடம், தலவாக்கலை, ஹட்டன் என நீண்டு, பல மணி நேரத்தின் பின்னரே அது கட்டுநாயக்கவைச் சென்றடைகின்றது. தாயை வழியனுப்புவதற்காகக் கைக்குழந்தைகளும் முதியவர்களும் வாடகை வேனில் உடன் வருவதுமுண்டு. இந்த நெடும் பயணத்தில் அவர்களை எளிதில் விட்டகலாத துணையொன்று உள்ளது. பிறர் ஊதித் தள்ளும் சிகரட், பீடிப் புகையே அது.

விமான நிலையங்களின் பயணிகள் ஓய்வுக் கூடங்களில் புகைப்பவர்களுக்கென இடம் ஒதுக்குவது சரியா, அவ்வாறு ஒதுக்கினால் புகைக்காதவர்களின் நலன் காக்கப்படுமா என்ற கேள்விகள் உலகின் பல நாடுகளிலும் எழுப்பப்பட்டு வந்துள்ளன. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது வசதி படைத்தவர்களின் விவகாரமாகத் தோன்றலாம். தேயிலை மலைகளுக்கிடையே வாழும் மக்களுக்கும் விமான நிலைய ஓய்வுக் கூடத்துக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கத் தோன்றும். ஆனால், ஆழ்ந்து நோக்கினால் இரண்டு இடங்களிலும் கேள்வி ஒன்றேயாகும். புகையிலிருந்து விலகிச் செல்ல முடியாத நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பது யாருடைய பொறுப்பு என்பதே அக்கேள்வி.

புகையிலைக் கட்டுப்பாட்டில் எமது நாட்டின் பெயர் தாழ்ந்திருக்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003ஆம் ஆண்டிலேயே ஏற்று உறுதிப்படுத்திய நாடு இலங்கை. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அவ்வாறு செய்த முதலாவது நாடும் இதுவேயாகும். அதனைத் தொடர்ந்து 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது அதன் மூலம் தடை செய்யப்பட்டது. மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதும் குற்றமாக்கப்பட்டது.

எனினும் அச்சட்டத்தில் சில கதவுகள் திறந்தே விடப்பட்டன. 30 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளைக் கொண்ட ஹோட்டல்களும், குறைந்தது 30 பேர் அமரக்கூடிய உணவகங்களும், விமான நிலையங்களும் புகைப்பதற்கெனத் தனியிடம் ஒதுக்கிக் கொள்ளலாம் என்பதே அந்த விதிவிலக்காகும். அயல்நாடான இந்தியாவில் 2003ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத்திலும் ஏறக்குறைய இதே விதிவிலக்கு இடம்பெற்றிருந்தது. பெரிய ஹோட்டல், பெரிய உணவகம், விமான நிலையம் ஆகிய மூன்றும் பணம் புழங்கும் இடங்கள் என்பதை வாசகர்கள் அவதானிக்கத் தவற மாட்டார்கள். சிறிய தேநீர்க் கடையில் குற்றமாகக் கொள்ளப்படும் ஒரு செயல் பெரிய உணவகத்தில் ஏற்பாடாக மாறிவிடுகின்றது. ஆனால், புகை இடம் பார்த்து நஞ்சின் அளவைக் குறைத்துக் கொள்வதில்லை.

இவ்விடத்தில் விமானப் பயணத்தின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது பொருத்தமானது. ஒரு காலத்தில் விமானத்துக்குள்ளேயே புகைக்க அனுமதி இருந்தது. முன் வரிசைகள் புகைக்காதவர்களுக்கு, பின் வரிசைகள் புகைப்பவர்களுக்கு எனப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே குழாயைப் போன்ற கூட்டுக்குள் காற்றை இரண்டாகப் பிரிக்க முடியும் என்று அன்று நம்பப்பட்டது. 1973ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸ் நகருக்கு அருகே பிரேசில் நாட்டு விமானமொன்றின் கழிவறையில் மூண்ட தீயினால் 123 பேர் உயிரிழந்தனர். அணைக்கப்படாத சிகரட் துண்டு அதற்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. 1992ஆம் ஆண்டு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 1996 ஜூலை மாதத்துக்குள் சர்வதேச விமானங்களில் புகைத்தலை முற்றாக நிறுத்துமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக் கொண்டது. பயணிகள் குறைந்துவிடுவர் என்று அஞ்சியவர்களின் கணிப்புப் பொய்த்தது. இன்று விமானத்துக்குள் புகைப்பதை எவரும் உரிமையாகக் கோருவதில்லை.

விமானத்திலிருந்து வெளியேற்றப்பட்ட புகை, விமான நிலையத்தின் கண்ணாடி அறைகளுக்குள் குடிபுகுந்தது. எமது மக்கள் விமானம் மாறுவதற்காகக் காத்திருக்கும் வளைகுடா விமான நிலையங்களில் இத்தகைய அறைகளைக் காணலாம். கதவு மூடப்பட்டிருக்கின்றது, காற்றை உறிஞ்சும் இயந்திரம் இயங்குகின்றது, ஆகவே வெளியில் இருப்போருக்குப் பாதிப்பில்லை என்பதே அவற்றுக்கான நியாயம். இந்த நியாயம் ஆய்வின் முன்னால் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் ஐந்து பெரிய விமான நிலையங்களில் மேற்கொள்ளப்பட்டு, 2012ஆம் ஆண்டு அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையங்களால் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, புகைத்தல் அறைகளுக்கு வெளியே, அவற்றை ஒட்டிய பகுதிகளில் காற்றின் மாசு, புகை முற்றாகத் தடை செய்யப்பட்ட விமான நிலையங்களில் உள்ளதைவிட ஐந்து மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புகையும் பயணியுடன் வெளியே வருகின்றது என்பதே இதன் பொருள்.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் உறுப்பு நாடுகள் 2007ஆம் ஆண்டு பாங்கொக்கில் கூடி ஏற்றுக்கொண்ட வழிகாட்டலும் இதனையே வலியுறுத்துகின்றது. காற்றோட்ட வசதியோ, வடிகட்டும் இயந்திரமோ, தனியறையோ முழுமையான பாதுகாப்பைத் தராது. மூடிய இடங்களில் முழுத் தடையே பயன் தரும் என்பது அதன் சாரம். பிறர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 2006ஆம் ஆண்டிலேயே தெரிவித்திருந்தது. எமது சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அறிவு முன்னேறிச் சென்றுவிட்டது; விதிவிலக்கோ நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

இந்த அறைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். அவ்வறைக்குள் சென்று சாம்பல் கிண்ணங்களைக் காலி செய்து, தரையைத் துடைத்து, கண்ணாடியில் படிந்த கறையைக் கழுவும் சுத்திகரிப்புத் தொழிலாளியே அவர். புகைப்பவர் தாமாக விரும்பி உள்ளே செல்கின்றார். தொழிலாளியோ சம்பளத்துக்காகச் செல்கின்றார். அவருக்கு விலகிச் செல்லும் வாய்ப்புக் கிடையாது. தனியறை என்பது புகையை மறைத்து வைக்கும் ஏற்பாடேயன்றி, அதனை இல்லாமற் செய்யும் ஏற்பாடு அல்ல என்பதற்கு இத்தொழிலாளியின் நுரையீரலே சாட்சியாகும்.

மறுபக்க வாதத்தையும் நாம் நேர்மையாக எடுத்து நோக்க வேண்டும். நிக்கொட்டினுக்கு அடிமைப்பட்டவர் ஒரு நோயாளியைப் போன்றவர். அவரைக் குற்றவாளியாக நடத்துவது முறையன்று. தனியிடம் இல்லையெனில் அவர் கழிவறைக்குள் ஒளிந்து புகைப்பார், அது மேலும் ஆபத்தானது என்று கூறுவோரும் உள்ளனர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், கொழும்பிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நான்கைந்து மணி நேரமும் அதே மனிதர் விமானத்தில் புகைக்காமல்தான் அமர்ந்திருக்கின்றார். ரமழான் மாதத்தில் நோன்பு நோற்கும் புகைப் பழக்கமுடைய முஸ்லிம் சகோதரர் விடியல் முதல் மாலை வரை சிகரட்டைத் தொடுவதில்லை. ஐயப்பனுக்கு மாலையணிந்து விரதமிருக்கும் மலையக இளைஞர் பல வாரங்கள் அதனை ஒதுக்கி வைக்கின்றார். இறைவனுக்காக முடிகின்ற ஒன்று, பக்கத்து இருக்கையில் உறங்கும் குழந்தைக்காக முடியாதா? தாங்கவே இயலாதவருக்காக, கட்டடத்துக்கு வெளியே, வாயில்களிலிருந்தும் மக்கள் கூடும் இடங்களிலிருந்தும் தள்ளி, திறந்தவெளியில் ஓர் இடத்தை ஒதுக்கலாம். அதனை நாம் எதிர்க்கவில்லை.

இது எட்டாத இலட்சியமும் அன்று. தாய்லாந்து 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பாங்கொக்கின் சுவர்ணபூமி உட்பட ஆறு முக்கிய விமான நிலையங்களில் உட்புறப் புகைத்தல் அறைகளை மூடியது. மேலே கூறிய ஆய்வுக்கு உட்பட்ட அட்லாண்டா விமான நிலையம் 2020ஆம் ஆண்டு ஜனவரியில் தனது அறைகளை மூடியது. உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் தாய்லாந்து அத்தகைய முடிவை எடுக்க முடிந்ததென்றால், எமக்குத் தயக்கம் ஏன்?

இனி, பயணம் ஆரம்பமான இடத்துக்குத் திரும்புவோம். பூண்டுலோயாவிலோ, மலையகத்தின் வேறெந்தப் பகுதியிலோ உள்ள தேயிலைத் தொழிற்சாலைக்குள் எவரும் புகைக்க அனுமதிக்கப்படுவதில்லை. தீப்பற்றும் அபாயம் ஒரு காரணம். அதனினும் முக்கியமான காரணம் தேயிலையின் இயல்பாகும். தன்னைச் சூழவுள்ள எந்த வாசனையையும் அது விரைவில் ஈர்த்துக் கொள்ளும். புகை வாடை பற்றிய தேயிலை ஏலத்தில் விலை போகாது. ஆகவே தேயிலைத் தூளைக் காப்பாற்றுவதில் நிர்வாகம் கண்ணும் கருத்துமாக இருக்கின்றது. அதில் தவறில்லை. ஆனால், அந்தக் கொழுந்தைப் பறித்த தாயின் மடியில் கிடக்கும் குழந்தையின் நுரையீரலும் புகையை ஈர்த்துக் கொள்ளும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? தேயிலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதைப் பறித்தவரின் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை என்பது எவ்வளவு பெரிய முரண்பாடு!

பத்துக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவில் கட்டப்பட்ட லயன் அறைகளில் இன்றும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் மூடிவிடுகிறார்கள். விறகடுப்பின் புகை ஏற்கனவே உள்ளே நிறைந்திருக்கின்றது. அதனுடன் பீடிப் புகையும் சேரும்போது அங்கு மூச்சு விடுவோரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. 2015ஆம் ஆண்டில் வெளியான தேசிய ஆய்வொன்றின்படி இலங்கை ஆண்களில் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் புகைப்பவர்கள். பெண்களில் புகைப்போர் மிக மிகச் சொற்பம். எனவே, எமது நாட்டைப் பொறுத்தவரை பிறர் புகை என்பது பெரும்பாலும் ஆண்கள் ஊத, பெண்களும் பிள்ளைகளும் சுவாசிக்கும் புகையாகும்.

அவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? பஸ் தரிப்பிடத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் பெண், அருகில் புகைக்கும் மேற்பார்வையாளரிடம் தள்ளி நிற்குமாறு கூறுவாரா? மருமகள் மாமனாரிடம் கூறுவாரா? வளைகுடா விமான நிலையத்தில் மொழி புரியாது முதன்முறை நிற்கும் பணிப்பெண், தன்னருகே கசியும் புகையைப் பற்றி எவரிடம் முறையிடுவார்? ஆட்சேபிக்காதவர்கள் அனைவரும் சம்மதித்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். பேச முடியாதவருக்காகவே சட்டம் பேச வேண்டியிருக்கின்றது.

இந்த உண்மையை அயல்நாட்டு நீதிமன்றங்கள் உணர்ந்தே தீர்ப்பளித்துள்ளன. பொது இடத்தில் புகைப்பது மற்றவரின் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 1999ஆம் ஆண்டில் கூறியது. 2001ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இந்திய உச்ச நீதிமன்றமும் வைத்தியசாலைகள், பாடசாலைகள், நூலகங்கள், பொதுப் போக்குவரத்து போன்றவற்றில் புகைத்தலைத் தடுக்குமாறு உத்தரவிட்டது. அதாவது, புகைக்காதவர் கேட்பது சலுகையை அன்று. தமக்கு உரியதையே என்பது அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

எனவே, விமான நிலையங்களுக்கும் பெரிய ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய விதிவிலக்கைச் சுகாதார அமைச்சு மீளாய்வு செய்து நீக்க முன்வர வேண்டும். அதுவரை, இத்தகைய இடங்கள் கட்டடத்துக்கு வெளியே திறந்தவெளியில் அமைவதை உறுதி செய்தல் அவசியம். பொலிஸாருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் சட்டம் அதிகாரம் வழங்கியுள்ளது. அவ்வதிகாரம் தலைநகரோடு நின்றுவிடாமல் மலையக நகரங்களின் பஸ் தரிப்பிடங்கள் வரை எட்ட வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் தொழிற்சாலையில் கடைப்பிடிக்கும் அதே கண்டிப்பைப் பிள்ளை மடுவத்திலும் கொழுந்து மடுவத்திலும் கடைப்பிடிக்கலாம். தொழிற்சங்கங்கள் இதனை ஒரு கோரிக்கையாக முன்வைத்தால் அது வரவேற்கத்தக்கது. கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் புகைப்பதைக் கைவிட விரும்புவோருக்குக் கைகொடுத்தால், சட்டம் செய்ய முடியாததையும் சமூகம் செய்து காட்டும்.

சட்டம் நுழைய முடியாத இடமும் ஒன்று உண்டு. அது வீடு. அங்கே புகைப்பவரின் மனசாட்சியே அதிகாரியாக இருக்க வேண்டும். பழக்கத்தை இன்றே விட முடியாதவர், குறைந்தபட்சம் எழுந்து வெளியே செல்லலாம். நாலு எட்டு நடந்து திறந்தவெளிக்குப் போவதில் அவருக்கு ஏற்படும் நட்டம் எதுவுமில்லை. உள்ளே தூங்கும் பிள்ளைக்கோ அதனால் கிடைப்பது உயிர்க்காற்று. கட்டுநாயக்கவின் ஓய்வுக் கூடமாயினும் சரி, பூண்டுலோயாவின் லயன் அறையாயினும் சரி, எழுந்து செல்ல வேண்டியவர் புகைப்பவரேயன்றி, புகைக்காதவர் அல்லர் என்பதே எமது நிலைப்பாடாகும்.