பேனுக்கு மருந்தா, மீனுக்கு விஷமா?

கட்லா, ரோகு வளர்க்கும் குளங்களில் மீன் பேன் பெரிய தொல்லை. உடம்பில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். உடனே என்ன பண்றாங்க? வயலுக்கு அடிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் பாட்டிலை எடுத்து குத்துமதிப்பா ஊத்துறாங்க. பேன் சாகுது, சரி. ஆனா அளவு மிஞ்சினா அதே மருந்து மீனின் செவுளையும் நரம்பையும் கெடுக்கும். பேனின் முட்டையோ பெரும்பாலும் தப்பித்துப் பொரித்துவிடும். மறுபடியும் மருந்து!

நீளம், அகலம், ஆழம் பெருக்கும் கணக்கு பரீட்சைக்கு மட்டும்தானா? குளத்துத் தண்ணீரை அளக்காமல் மருந்தை எப்படி அளப்பது? குளத்தில் மூங்கில் குச்சிகளை நட்டால் பேன் அதில் முட்டையிடும். எடுத்து வெயிலில் காய வைத்தால் மருந்துத் தேவையே குறையும். இதை ஊரில் போய்ச் சொல்வோம். நம்ம டிப்ளமோவுக்கு அதுதானே மரியாதை!