ஒரு துளை, பல வேகம்: கணிப்பொறி வாங்குவோர் கருத வேண்டுவன

அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோரைத் திருக்குர்ஆன் வன்மையாகக் கண்டிக்கிறது; அதன் 83ஆம் அத்தியாயம் அக்குற்றமுடையோரின் பெயராலேயே வழங்கப்படுகிறது. படியும் தராசும் கொண்டு நடந்த வாணிகத்திற்கு மட்டுமன்று, ‘கிகாபிட்’ என்னும் புதுப்படியால் அளந்து விற்கப்படும் இக்காலப் பொருள்களுக்கும் அவ்வறம் பொருந்தும் என்பது நம் கருத்து. கல்வி நிறுவனம் கணிப்பொறி வாங்கும்போது பொருளாளர் விலையைப் பார்க்கிறார். துறையினர் திரையின் அகலத்தைப் பார்க்கின்றனர். பெட்டியின் பின்புறத்து இணைப்புத் துளையைப் பார்ப்பார் அரியர்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என வினவலாம். மங்கிவரும் பழம்பதிப்புகளையும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளையும் படமெடுத்துக் காப்பது இன்று மொழித்துறையின் கடமைகளுள் ஒன்று. அப்பணி நடக்கும் மேசையில் படமெடுக்கும் கருவி, இரு திரைகள், சேமிப்பு வட்டுகள், வலைக்கம்பி ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே கம்பியால் கணிப்பொறியோடு சேர்ப்பதே டாக்கிங் ஸ்டேஷன் என்னும் கருவி. மடிக்கணிப்பொறிக்கெனத் தோன்றிய இக்கருவி, இன்று மேசைக் கணிப்பொறிக்கும் பயன்படுகிறது. ஆசிரியர் தம் மடிக்கணிப்பொறியோடு வந்தால், அதே கம்பியை மாற்றிச் செருகி அதே மேசையில் பணியாற்றலாம்.

சிக்கல் துளையின் வடிவத்தில் தொடங்குகிறது. 1996இல் தோன்றிய யூ.எஸ்.பி. முறை நொடிக்கு 12 மெகாபிட்டையே உச்ச வேகமாகக் கொண்டிருந்தது. 2000இல் அது 480 மெகாபிட் ஆயிற்று. 2008இல் 5 கிகாபிட் ஆயிற்று. இன்டெல் நிறுவனம் ஆப்பிளுடன் சேர்ந்து 2011இல் கொணர்ந்த தண்டர்போல்ட் 10 கிகாபிட்டில் தொடங்கி, 2015இல் 40 கிகாபிட்டை எட்டியது. அப்போது அது யூ.எஸ்.பி.-சி என்னும் சிறு நீள்வட்டத் துளையைத் தனக்கும் உரியதாக்கிக்கொண்டது. 2019இல் அந்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு யூ.எஸ்.பி.4 என்னும் பொதுத்தரம் பிறந்தது. விளைவு யாதெனின், 480 மெகாபிட் துளையும் 40 கிகாபிட் துளையும் இன்று ஒரே உருவில் நிற்கின்றன. கண்ணுக்கு ஒன்று, திறத்தில் எண்பது மடங்குக்கும் மேலான வேறுபாடு.

இவ்வேறுபாட்டைப் பணியில் வைத்துப் பார்ப்போம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 4கே திரை ஒன்றிற்குச் சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 12 கிகாபிட் வேண்டும். இரு திரைகளுக்கு 24. நாற்பதில் இது போக எஞ்சுவதே வட்டுகளுக்கும் வலைக்கும் உரியது. மேலும், ஒரு டெராபைட் அளவு படங்களைப் பழைய யூ.எஸ்.பி. 2.0 வழியே படியெடுக்க ஏழு மணி நேரம் ஆகலாம். 10 கிகாபிட் வழியில் தக்க திண்மவட்டு இருப்பின் அரைமணிக்குள் முடியும். ஆயினும் சுழலும் பழைய வட்டை எத்துணை விரைவான துளையில் செருகினும் அதன் வேகம் கூடாது. வழியில் மெதுவானது எதுவோ அதுவே முழு வேகத்தையும் தீர்மானிக்கிறது.

இனி, எவ்வகைக் கணிப்பொறி? ஆப்பிள் நிறுவனம் 2024இல் வெளியிட்ட எம்4 மேக் மினியில் மூன்று தண்டர்போல்ட் 4 துளைகள் உள்ளன. அமைதியும் செறிவும் உடைய பெட்டி அது. ஆனால் நினைவகத்தைப் பின்னர்க் கூட்ட இயலாது. எம்.எஸ்.டி. முறையால் இரு திரைகளுக்குக் காட்சியைப் பிரிக்கும் டாக்கில், மேக் இரண்டிலும் ஒரே காட்சியையே தரும். இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில் தண்டர்போல்ட் 4 செயலியோடு சேர்ந்தே வருகிறது. எனினும் தாய்ப்பலகை செய்தோர் அதைத் துளையாக வெளிக்கொணர்ந்தாலன்றிப் பயனில்லை. ஏ.எம்.டி.யின் எக்ஸ்870 பலகைகளில் யூ.எஸ்.பி.4 கட்டாயம், அது தனிச்சில்லின் வழியே வருவதால், சில பலகைகளில் ஒரு வட்டின் வழித்தடத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. மேசைக் கணிப்பொறியில் அத்துளைக்குக் காட்சியைத் தருவது பெரும்பாலும் செயலியுள் அமைந்த வரைகலைப் பகுதியே. இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ என முடிந்தால் அப்பகுதி இல்லை. விலை குறைவெனக் கருதி அதனை வாங்கினோர், டாக்கில் திரையைச் செருகி இருளையே காண்பர்.

நம் தேர்வு, பொதுத்தரத்தைத் தழுவியதும் பழுது நீக்கி விரிவாக்கத் தக்கதுமான மேசைப்பெட்டியே. காரணம் தமிழறிந்தோர் பட்டறிந்தது. நிறுவனத்திற்கு ஓர் எழுத்துரு முறை என்றிருந்த காலத்தில், ஓரிடத்தில் அச்சுக்கோத்த தமிழ் மற்றோரிடத்தில் குறியீட்டுக் குப்பையாயிற்று. 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாடும், 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதும் அந்நோய்க்கு மருந்தாயின. எழுத்தில் கற்ற பாடத்தைக் கம்பியில் மறப்பது முறையன்று.

அதற்காக எல்லா மேசைக்கும் 40 கிகாபிட் வேண்டும் என்போமல்லோம். கட்டுரை தட்டச்சிடும் மாணவருக்கு 5 கிகாபிட் துளையே மிகை. பெருங்கோப்புகளைக் கையாளும் ஓரிரு பெட்டிகளுக்கு மட்டும் செலவிட்டு, மீதத்தை நல்ல வட்டுகளுக்கும் இரண்டாம் காப்புப் படிக்கும் ஒதுக்குதல் அறிவுடைமை. காட்சித் தொகுப்பே தொழிலாக உடைய ஒருவர் மேக் மினியை நாடின் அதுவும் தக்கதே.

விலைப்புள்ளி கோரும் மடலில் நான்கு வினாக்கள் இடம்பெறுக: துளையின் வேகம் எத்துணை கிகாபிட்? அதில் எத்தனை திரைகள், எந்த நுணுக்கத்தில் இயங்கும்? அதனோடு வேறெந்த உறுப்பு வழித்தடத்தைப் பங்கிடுகிறது? உடன் தரும் கம்பி அவ்வேகத்திற்குச் சான்று பெற்றதா? விடைகள் எழுத்தில் வரட்டும்.

கல்லூரியின் நிதி, கொடையாளர் பலர் நம்பி ஒப்படைத்த அமானிதம். அவர் அளந்து தந்ததை நாமும் அளந்தே செலவிடுவோம். அத்தெளிவை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.