எட்டடிப் பலகைக்கு எங்கே இடம்?

வீவக வீட்டில் மரவேலை பழகுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி பிளைவுட்தான். எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் முப்பது கிலோவைத் தொடும். "இரண்டு நாள்தானே" என்று வாசலுக்கு வெளியே சாத்தி வைத்தேன். அன்றிரவு பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோக வந்தவர்கள் முதலில் தூக்கியது என் பலகையை. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழிவிட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. பாட்டி நலமாகத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

இப்போது கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்குகிறேன், மின்தூக்கியில் சிக்குவதில்லை. வீட்டுக்குள் இரண்டு கட்டைமேல், நீளவாட்டில், சுவரோடு நேராக நிறுத்துங்கள். அதிகம் சாய்த்தால் வளையும். வெறுந்தரையில் வைத்தால் வீடு துடைக்கும் தண்ணீரில் விளிம்பு உப்பும். குழந்தைகள் இருந்தால் பட்டைபோட்டுச் சுவரோடு கட்டாமல் விடாதீர்கள்.