பெறுபேறு வரும் இரவில் நாம்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? மூன்று ஏ எடுத்த பிள்ளையின் படத்தை முகநூலில் போடுகிறோம். பாடசாலை வாசலில் பதாகை கட்டுகிறோம். இசட் புள்ளி குறைந்த பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை" என்கிறோம்.

அந்தச் சக்தியை யார் கொடுப்பது? பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி விளக்கியது எளிமையானது: நம்பித் திரும்பி வர ஓர் ஆள் இருந்தால்தான் பிள்ளை துணிந்து வெளியே போகும். இந்தத் தேவை தொட்டிலோடு முடிவதில்லை. இருபது வயதிலும் இருக்கிறது.

சுயமதிப்பை அளக்க மொரிஸ் ரோசன்பேர்க் 1965இல் 10 கூற்றுகளைத் தந்தார். ஒன்றுகூடப் பரீட்சைப் புள்ளியைக் கேட்பதில்லை. நாமோ அதை மட்டுமே கேட்கிறோம்.

"அப்போ கண்டிக்கவே கூடாதா?" கண்டிக்கலாம். ஆனால் "சாச்சாட மகன் கெம்பஸ் போறான், நீ?" என்பது கண்டிப்பு அல்ல, அவமானம். முகத்தைத் திருப்பிக்கொள்வது அதைவிடக் கொடுமை.

உம்மா வாப்பாமாரே, சக ஆசிரியர்களே, அடுத்த பெறுபேறு வருமுன்பே சொல்லி வைப்போம்: "எது வந்தாலும் நீ எங்கட புள்ளதான். வா, சாப்பிடு. நாளைக்குப் பேசுவம்."

பிள்ளை நாட்கணக்கில் உண்ணாமல், உறங்காமல், பேசாமல் கிடந்தால் ஒளித்து வைக்காமல் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைப்போம்.

பதாகையைப் பிறகு கட்டலாம்.