உதிர்ந்துபோகும் அடைமொழிகள்

கணினி நிரலின் வேகத்தைப் பேசும் ஆய்வேடுகளில் ஒரு வகை வரைபடம் இன்று எளிதாகக் காணக் கிடைக்கிறது. கிடைக்கோட்டில் தேதிகள், நெடுங்கோட்டில் விழுக்காடு, நடுவே இறங்கிச் செல்லும் ஒரு கோடு. கீழே, “மாற்றத்திற்குப் பின் செயல்நேரம் குறைந்தது” என்று ஒரு வரி. வழிகாட்டியும் தேர்வாளரும் அதைப் பார்த்துத் தலையசைத்துக் கடந்துவிடுகின்றனர். அந்தக் கோடு எதனுடைய நேரத்தைக் காட்டுகிறது, எதனோடு ஒப்பிட்ட நேரம், எவ்வளவு இடைவெளியில் திரட்டியது, எங்கெங்கே விடுபட்டது என்னும் கேள்விகள் எழுவதே இல்லை. இத்தனைக்கும், இவற்றுக்கான விடைகளில் பெரும்பகுதியை எண்களைத் தந்த சேவையே உடன் தந்திருக்கிறது. எண்ணை எடுத்துக்கொண்டு, அதனோடு வந்த குறிப்பைக் கைவிடுவது ஆய்வாளரின் செயல்.

அமேசானின் கோட்குரு புரொஃபைலர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இந்தச் சேவை, ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் எழுதப்பட்ட செயலிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை எங்கே நேரத்தைச் செலவிடுகின்றன என்று கவனிக்கிறது. செயலியோடு சேர்ந்து ஓடும் ஒரு சிறு முகவர் நிரல், இயல்பான அமைப்பில், நொடிக்கு ஒரு முறை எட்டிப்பார்த்து, அந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளும். குறித்தவற்றை ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை சேவைக்கு அனுப்பும். பின்னர் ஆய்வாளர், குறிப்பிட்ட ஃபங்ஷன்களின் பெயர்களையும் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் கொடுத்து, ஐந்து நிமிடம், ஒரு மணி, ஒரு நாள் ஆகிய மூன்று அளவுகளில் ஒன்றைத் தேர்ந்து கேட்டால், அவற்றின் அளவீடுகள் காலத்தொடராக வந்து சேரும்.

வந்து சேரும் அளவீட்டின் பெயர் ‘அக்ரிகேட்டட் ரிலேட்டிவ் டோட்டல் டைம்’. தமிழில் சொன்னால், திரட்டிய, ஒப்பீட்டு, மொத்த நேரம். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னே மூன்று அடைமொழிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் பெயர்ச்சொல்லின் பொருளைச் சுருக்குகிறது. இன்ன வகையில் மட்டுமே இதை நேரம் என்று கொள்ளலாம் என எல்லை வகுக்கிறது. ஆய்வேட்டின் வரைபடத்தை அடையும்போது மூன்றும் உதிர்ந்து, ‘நேரம்’ மட்டும் எஞ்சுகிறது. பெயரைச் சுருக்கியதோடு இது முடிவதில்லை. சொல்லப்படும் கூற்றே வேறாகிவிடுகிறது.

முதலில் ‘ஒப்பீட்டு’ என்பதைப் பார்க்கலாம். மொழியியல் ஆய்வகம் ஒன்றில் தரவகத்தைப் பகுத்தாயும் நிரல் ஓடுவதாகக் கொள்வோம். முழு ஓட்டத்திற்கு 100 நொடி. அதில் சொற்களை உருபன்களாகப் பிரிக்கும் பகுதிக்கு 20 நொடி. கோப்புகளைப் படிப்பதற்கும் மற்றவற்றுக்கும் 80 நொடி. உருபன் பகுப்பின் பங்கு 20 விழுக்காடு. கோப்பு படிக்கும் முறையை ஒருவர் திருத்தி, அந்த 80 நொடியை 30 ஆக்கிவிடுகிறார். மொத்தம் 50 நொடி. உருபன் பகுப்புக்கு இப்போதும் அதே 20 நொடிதான். ஆனால் அதன் பங்கு 40 விழுக்காடு. அடைமொழி உதிர்ந்த வரைபடத்தில், யாரும் தொடாத பகுதி இருமடங்கு மந்தமாகிவிட்டதாகத் தெரியும். மறுதலையாக, கோப்பு படிப்பது 180 நொடியாகக் கெட்டுப்போனால் பகுப்பின் பங்கு 10 விழுக்காடாக இறங்கும். பயனர் 200 நொடி காத்துக் கிடக்க, வரைபடம் முன்னேற்றம் என்று அறிவிக்கும்.

தரவக மொழியியல் பயின்றோருக்கு இந்தப் பொறி புதிதன்று. பத்து லட்சம் சொற்களுக்கு இத்தனை முறை என்று ஒரு சொல்லின் வழக்கைக் கணக்கிடும்போது, தரவகத்தில் செய்தித்தாள்களைப் பெருமளவில் சேர்த்தாலே இலக்கியச் சொல்லின் வீதம் சரியும். அந்தச் சொல்லை எவரும் குறைத்துப் பயன்படுத்தத் தொடங்கவில்லை. வகுக்கும் எண்தான் பெருத்தது. வகுஎண்ணைச் சொல்லாமல் வீதத்தை மட்டும் அச்சிடும் கட்டுரையை மொழியியல் இதழ் ஏற்காது. கணினிச் செயல்திறன் பற்றிய கட்டுரைக்கு மட்டும் ஏன் சலுகை?

‘மொத்த’ என்னும் அடைமொழி வேறொன்றைச் சொல்கிறது. ஒரு ஃபங்ஷன் தானே உழைத்த நேரத்தோடு, அது அழைத்த பிற ஃபங்ஷன்கள் உழைத்த நேரமும் அதன் கணக்கில் ஏறுகிறது. எனவே மேலே இருந்து எல்லாவற்றையும் அழைக்கும் ஃபங்ஷனின் பங்கு ஏறத்தாழ 100 விழுக்காடாகவே இருக்கும். ஐந்து ஃபங்ஷன்களின் பங்குகளைக் கூட்டி 100ஐ மிஞ்சும் அட்டவணையைத் தயாரித்துவிட்டு, பிழை எங்கே என்று தேடும் மாணவர் இந்த ஒரு சொல்லைப் படித்திருந்தால் தேட வேண்டியிருக்காது. மேலும், டேட்டாபேஸின் பதிலுக்காகச் சும்மா காத்திருக்கும் நேரமும் ‘நேரம்’ என்பதில் அடங்கக்கூடும். ஓடும் இழை, காத்திருக்கும் இழை என்று பிரித்துக் கேட்கச் சேவையில் வழி உண்டு. எந்த நிலையைக் கேட்டோம் என்று எழுதாதவர், உழைப்பையும் காத்திருப்பையும் ஒரே கோட்டில் வரைந்துவிடுகிறார்.

‘திரட்டிய’ என்பது மூன்றிலும் அடக்கமான சொல். அதிகம் மறைப்பதும் அதுவே. பத்து சர்வர்களில் ஒன்பதில் ஒரு ஃபங்ஷனின் பங்கு 10 விழுக்காடாகவும், பழுதான ஒன்றில் 90 விழுக்காடாகவும் இருந்து, பத்திலிருந்தும் சம அளவில் மாதிரிகள் வந்தால், திரட்டிய எண் 18. அந்த 18 எந்தச் சர்வரிலும் நிகழாத ஒன்று.

திரட்டல் காலத்தின் மீதும் நிகழ்கிறது. இந்தியாவில் இருந்து இத்தகைய தரவைக் கேட்போருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. சேவை தரும் நேரக் குறிப்புகள் உலகப் பொது நேரத்தில் அமைந்தவை. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. உலகப் பொது நேரப்படி எண்ணிய ஒரு ‘நாள்’, இங்கே காலை 5:30க்குத் தொடங்கி மறுநாள் காலை 5:30க்கு முடிகிறது. அரை மணி நேர வேறுபாடு இருப்பதால் மணிக்கணக்கும் பொருந்தாது. தேர்வு முடிவு ஒன்று காலை 10 மணிக்கு வெளியாகிறது என்றால், அந்தக் கணம் உலகப் பொது நேரத்தில் 4:30. ஒரு மணி அளவில் கேட்ட தரவில், 9:30 முதல் 10 வரையிலான அமைதியும் 10 முதல் 10:30 வரையிலான நெரிசலும் ஒரே புள்ளியில் கலந்துவிடும். முதல் அரை மணியில் 10 விழுக்காடு, அடுத்த அரை மணியில் 50 விழுக்காடு, மாதிரிகள் இரண்டிலும் சமம் என்றால், வரைபடத்தில் 30 என்று ஒரு புள்ளி மட்டும் இருக்கும். சர்வர் திணறிய கணத்தை ஆராய வந்தவர் அந்தக் கணத்தையே காணமாட்டார்.

அப்படியானால் எப்போதும் ஐந்து நிமிட அளவையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு சர்வரில் ஓர் இழை மட்டும் ஓடுவதாகக் கொண்டால், நொடிக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் ஐந்து நிமிடத்திற்கு 300 மாதிரிகள். உண்மையில் 2 விழுக்காடு நேரம் எடுக்கும் ஃபங்ஷன் அதில் சராசரியாக ஆறு முறை அகப்படும். தற்செயலால் மட்டும் விளையும் திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.4. ஆகவே, நிரலில் எதுவுமே மாறாதபோதும் ஒரு புள்ளியில் நான்கும் அடுத்த புள்ளியில் எட்டும் வருவது இயல்பு. அதை ‘இருமடங்கு உயர்வு’ என்று எழுதினால் அது வெறும் தற்செயலுக்குச் சூட்டிய பெயர். அதே ஃபங்ஷனை நாள் அளவில் பார்த்தால் மாதிரிகள் 86,400; எதிர்பார்க்கும் எண்ணிக்கை 1,728; விலக்கம் சுமார் 41. இப்போது எண் உறுதியானது. ஆனால் பத்து மணி நெரிசல் கரைந்துபோனது. எந்த அளவைத் தேர்ந்தாலும் ஒன்றை இழந்தே மற்றொன்றைப் பெற முடியும். அதனால்தான் தேர்ந்த அளவையும் தேர்ந்த காரணத்தையும் எழுத வேண்டியிருக்கிறது.

மாதிரி எடுத்து அளக்கும் முறைக்கு இந்த எச்சரிக்கையும் பழையது. 1982இல் சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மெக்குசிக் மூவரும் ஜிப்ரோஃப் என்னும் கருவியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். பின்னர் வந்த குனூ ஜிப்ரோஃபின் கையேடு, மாதிரிகளின் எண்ணிக்கைக்கு அதன் வர்க்கமூலம் அளவுக்குப் பிழையை எதிர்பார்க்கலாம் என்று பயனருக்குச் சொல்லித் தருகிறது. கருவியைச் செய்தவர்கள் மறைக்கவில்லை; பயன்படுத்துவோர்தான் கடந்துபோகின்றனர்.

அடைமொழிகளுக்கு அப்பால், அதே பதிலில் வரும் இன்னொரு பகுதி முற்றாகவே புறக்கணிக்கப்படுகிறது. சேவை தான் கணக்கிட முடியாமற்போன கணங்களைத் தனிப் பட்டியலாகத் தருகிறது. அந்தக் கணங்கள் காலத்தொடரில் இடம்பெறுவதில்லை. வரைபடம் வரையும் மென்பொருளோ, இருக்கும் இரு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்து இடைவெளியை மூடிவிடுகிறது. சிலர் அந்த இடத்தில் சுழியத்தை இட்டு நிரப்புகின்றனர். ‘அளக்கப்படவில்லை’ என்பதும் ‘அளந்ததில் ஒன்றுமில்லை’ என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்புகளில் 266க்குப் பிறகு 269 வருகிறது. இருப்பதை வரிசைப்படுத்தி 398 பாடல்கள் என்று எவரும் எண்ணை மாற்றவில்லை. இல்லாததன் இடத்தைக் காத்து வைப்பதும் பதிப்பாசிரியரின் நேர்மை. சர்வர் செயலிழந்த நேரத்தில்தான் அளவீடும் விடுபட வாய்ப்பு மிகுதி என்பதால், செயல்திறன் தரவில் இந்த நேர்மை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. இத்தகைய சேவைகள் பொறியாளர்களுக்கானவை. எந்த ஃபங்ஷன் செலவைக் கூட்டுகிறது என்று சுட்டிக்காட்டினால் போதும். அங்கே இவ்வளவு நுணுக்கம் வீண் என்பர். பொறியாளரைப் பொறுத்தவரை அது சரியே. அவர் ஐயம் வந்தால் மறுநாள் மீண்டும் அளந்து பார்க்க முடியும்; தவறான ஊகத்தால் அவர் இழப்பது ஒரு பிற்பகல். ஆய்வேடு அப்படிப்பட்டதன்று. அதில் அச்சான விழுக்காட்டை மேற்கோள் காட்டி அடுத்தவர் தம் முறையை அமைக்கிறார். ஆய்வகம் எந்தக் கருவியைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுக்கிறது. சொந்த சர்வர் வாங்க வழியில்லாத துறைகளில் சொற்ப நிதி எங்கே போகிறது என்பதும் அதையொட்டித் தீர்மானமாகிறது.

மீண்டும் அளந்து சரிபார்க்கலாம் என்ற ஆறுதலும் நெடுநாள் நிலைப்பதில்லை. அமேசானின் மற்றொரு சேவையான கிளவுட்வாட்ச், ஒரு நிமிட அளவிலான தரவை 15 நாள்களும், ஐந்து நிமிட அளவை 63 நாள்களும், ஒரு மணி அளவை 455 நாள்களும் மட்டுமே வைத்திருக்கிறது. முனைவர் பட்டத்திற்கு ஆண்டுகள் பல ஆகின்றன. முதலாண்டில் வரைந்த ஐந்து நிமிட வரைபடத்தைப் பற்றி வாய்மொழித் தேர்வில் கேள்வி எழும்போது, அதன் மூலத் தரவு சேவையில் எப்போதோ அழிந்திருக்கும். ஆய்வாளர் தம் கணினியில் சேமித்து வைத்தது மட்டுமே மிஞ்சும். விழுக்காடுகளை மட்டும் ஒரு விரிதாளில் ஒட்டி வைத்திருந்தால் அதுவும் உதவாது.

தேவைப்படுவது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. சேவைக்கு அனுப்பிய கோரிக்கையையும் வந்த பதிலையும் வெட்டாமல் அப்படியே, பெற்ற தேதியோடு கோப்பில் வைப்பது ஒன்று. வரைபடத்தின் அடியில் அளவீட்டின் முழுப் பெயர், இழையின் நிலை, திரட்டிய கால அளவு, நேர வலயம், மாதிரிகளின் எண்ணிக்கை, விடுபட்ட கணங்கள் ஆகியவற்றை எழுதுவது மற்றொன்று. இரண்டு வரிக்கு மேல் ஆகாது. விழுக்காட்டோடு, முழு ஓட்டத்திற்கு எத்தனை நொடி ஆயிற்று என்ற எண்ணையும் சேர்த்துவிட்டால், மேலே கண்ட 20க்கும் 40க்கும் இடையிலான குழப்பம் பிறக்கவே பிறக்காது.

இதை மாணவரின் தலையில் மட்டும் சுமத்துவது முறையாகாது. கேட்கப்படாத கேள்விக்கு விடை எழுதும் பழக்கம் எந்தத் துறையிலும் தானாக வளர்ந்ததில்லை. வழிகாட்டியும் தேர்வாளரும் அந்த வரைபடத்தின் மீது விரல் வைத்து, “இது எதன் விழுக்காடு?” என்று ஒரு முறை கேட்டால் போதும், அடுத்த ஆய்வேட்டில் விடை தானே இடம்பெறும்.